யூனியன் பென்ஷன் ஃபண்டை விட்டு வெளியேறும் கம்பெனி எவ்வளவு கட்ட வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் யூனியன் தொழிலாளர்களை வைத்து லாரி, கிடங்கு, பேக்கரி, கட்டுமானம் என்று தொழில் நடத்தும் சிறிய கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. அப்படி ஒரு கம்பெனியை விலைக்கு வாங்கப் போகும் நம் ஆட்களும், ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களும், சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க பென்ஷன் கணக்குப் போடும் பிள்ளைகளும் என்னிடம் அதே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நான் வக்கீல் அல்ல. வக்கீலிடம் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இது உதவும்.

முதல்ல இது என்ன ஃபண்டுன்னு சொல்லுங்க. நம்ம ஊர் பி.எஃப். மாதிரியா?

இல்லை. பி.எஃப்.பில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. போட்ட பணமும் வட்டியும் அவருடையது. இங்கே நாம் பேசுவது ஒரே தொழிலில் உள்ள பல கம்பெனிகள் சேர்ந்து பணம் போடும் பொது ஃபண்ட். டிரைவர் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போனாலும், இரண்டும் அதே ஃபண்டில் இருந்தால் அவருடைய சர்வீஸ் தொடரும். ஓய்வு பெற்றபின் சாகும்வரை மாதம் இவ்வளவு என்பது வாக்குறுதி. யூனியன் தரப்பும் முதலாளிகள் தரப்பும் சம பலத்தில் உட்காரும் டிரஸ்டிகள் குழு இதை நிர்வகிக்கிறது. 1947-ன் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் போட்ட ஏற்பாடு அது. இப்படி ஏறத்தாழ 1,400 ஃபண்டுகள் இருக்கின்றன, அவற்றில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள்.

நம் ஊரிலும் 1995 பென்ஷன் திட்டம் பொதுப் பானைதான். ஆனால் அங்கே கம்பெனியை மூடிவிட்டுப் போகும் முதலாளியிடம் பானையில் குறைவதற்குப் பங்கு கேட்பதில்லை. இங்கே கேட்பார்கள். அதற்குப் பெயர்தான் வித்ட்ராயல் லயபிலிட்டி. இனி விலகல் கடன் என்றே எழுதுகிறேன்.

ஒப்பந்தப்படி ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு ஒரு டாலர் பாக்கி இல்லாம கட்டியிருக்கேன். போறப்போ எதுக்குத் தனியா பில்?

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான், கோபத்தோடு வருவதும் இதுதான். நீங்கள் மணிக்கணக்கில் கட்டியது அந்தந்த ஆண்டுக்கான பங்களிப்பு. ஃபண்ட் கொடுத்த வாக்குறுதியோ இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஓடும். சந்தை சரிந்தாலோ, ஓய்வு பெற்றவர்கள் நினைத்ததைவிட நீண்ட நாள் வாழ்ந்தாலோ, வேலையில் இருப்பவர்கள் குறைந்தாலோ ஃபண்டில் துண்டு விழும். கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரித்துக்கொண்டு போகிறவர் சொத்தோடு கடனிலும் பாகம் ஏற்றுக்கொள்வதுபோல, விலகும் கம்பெனி அந்தத் துண்டில் தன் பங்கை ஏற்க வேண்டும்.

1974-ல் எரிசா என்ற பென்ஷன் சட்டம் வந்தபோது இவ்வளவு கடுமை இல்லை. ஒரு கம்பெனி வெளியேறி ஐந்து ஆண்டுக்குள் ஃபண்டே மூடப்பட்டால்தான் அது மாட்டும். அதனால் ஃபண்ட் ஆட்டம் காண்கிறது என்று மோப்பம் பிடித்தவர்கள் முதலில் ஓடினார்கள், மிச்சம் இருந்தவர்கள் தலையில் சுமை ஏறியது. இதைத் தடுக்கத்தான் 1980 செப்டம்பரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட திருத்தச் சட்டம் வந்தது. அது செல்லாது என்று முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1984-ல் ஆர்.ஏ. கிரே வழக்கிலும் 1986-ல் கானலி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொல்லிவிட்டது.

இதில் வலிக்கிற இடம் ஒன்று உண்டு. என்றைக்கோ திவாலான கம்பெனிகளின் தொழிலாளர்களுக்கான பென்ஷனும் அந்தத் துண்டுக்குள் இருக்கிறது. உங்களிடம் ஒரு நாள்கூட வேலை செய்யாதவர்களுக்காகவும் கட்டுகிறீர்கள். நியாயமா என்றால், எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் இந்த விதி இல்லையென்றால் கடைசியாக நிற்பவர் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியிருக்கும்.

வெளியேறுறதுன்னா கடையை மூடுனாத்தானா?

மூடினாலும்தான், மூடாவிட்டாலும்தான். பங்களிப்புக் கட்டும் கடமை நிரந்தரமாக நின்றாலோ, அந்தக் கடமைக்கு உட்பட்ட வேலை முழுவதும் நிரந்தரமாக நின்றாலோ விலகல் நடந்துவிட்டது. யூனியனோடு பேசி பென்ஷனுக்குப் பதில் 401(கே) என்ற தனிநபர் ஓய்வுச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் விலகல். தொழிலாளர்களே ஓட்டுப் போட்டு யூனியன் வேண்டாம் என்றாலும் விலகல். யார் தவறு என்று சட்டம் பார்ப்பதில்லை. கடைசி செக் எப்போது போனது என்பதும் முக்கியமில்லை, கடமை முடிந்த நாள்தான் கணக்கு.

வேலைநிறுத்தத்தின்போது பங்களிப்பு நின்றால் அது விலகல் அல்ல. பங்குகள் கை மாறினால் மட்டும் அதுவும் விலகல் அல்ல. முதலாளி மாறுகிறார், கம்பெனி அப்படியேதான் இருக்கிறது.

எங்க பங்கு எவ்வளவுன்னு எப்படிப் போடுறாங்க? ஒரு கணக்குப் போட்டே காட்டுங்க அண்ணா.

ஒரு கற்பனை ஃபண்டை எடுத்துக்கொள்வோம். தொழிலாளர்களுக்கு ஏற்கெனவே உரிமையாகிவிட்ட பென்ஷன்களின் இன்றைய மதிப்பு 50 கோடி டாலர். ஃபண்டின் கையில் உள்ள சொத்து 40 கோடி. துண்டு 10 கோடி. கடந்த ஐந்து ஆண்டுகளில் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து கட்டியது 6 கோடி. நீங்கள் கட்டியது 6 லட்சம், அதாவது நூற்றில் ஒரு பங்கு. எனவே உங்கள் பங்கு 10 லட்சம் டாலர். ஐந்து வருஷத்தில் கட்டியதே 6 லட்சம், போகும்போது 10 லட்சமா என்று எல்லோரும் திடுக்கிடுவது இங்கேதான். ஏற்கெனவே விலகியவர்கள் கட்டியது அந்த 6 கோடியிலிருந்து கழிக்கப்படும். அவர்களிடமிருந்து வசூலாகும் தொகையைத் துண்டிலிருந்தும் கழிப்பார்கள். வசூலாகாத பகுதி மிச்சமிருப்பவர்கள் மேல் ஏறும்.

நான் காட்டியது 'ரோலிங் ஃபைவ்' என்கிற முறை, நான்கில் எளிதானது. இன்னொன்று சட்டமே முன்வைக்கும் 'பிரிசம்ப்டிவ்' முறை. அதில் ஒவ்வோர் ஆண்டும் துண்டு கூடினதோ குறைந்ததோ தனிக் குவியலாக வைக்கப்பட்டு, ஆண்டுக்கு 5 சதவீதம் வீதம் 20 ஆண்டுகளில் கரைக்கப்படும். நீங்கள் ஃபண்டில் இல்லாத ஆண்டுகளின் குவியலில் உங்களுக்குப் பெரும்பாலும் பங்கு வராது. அதனால் புதிதாகச் சேர்ந்தவருக்கு இது சாதகம். கட்டுமான ஃபண்டுகள் இந்த முறையைத்தான் பயன்படுத்த வேண்டும். இதையே சற்று மாற்றிய ஒரு முறை உண்டு. அவரவர் தொழிலாளர்களின் பென்ஷனை அவரவர் கணக்கிலேயே எழுதும் முறையும் உண்டு, அது அபூர்வம். எந்த முறை என்று தெரியாமல் யாராவது ஒரு தொகை சொன்னால் நம்பாதீர்கள்.

எந்த நாள் கணக்கு என்பதும் பணம்தான். விலகிய ஆண்டுக்கு முந்தைய திட்ட ஆண்டின் கடைசி நாளில் இருந்த துண்டைத்தான் எடுப்பார்கள். ஃபண்டின் ஆண்டு டிசம்பரில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் விலகினால் 2024 டிசம்பர் 31-ன் கணக்கு. 2026 ஜனவரியில் விலகினால் 2025 டிசம்பர் 31-ன் கணக்கு. இடையில் சந்தை நன்றாக ஏறியிருந்தால் இரண்டு மாதம் பொறுத்தவருக்கு லாபம், சரிந்திருந்தால் நஷ்டம்.

அந்தப் பத்து லட்சத்தை மொத்தமா செக் எழுதணுமா?

வேண்டாம். இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். பங்கு எவ்வளவு என்பது ஒரு கணக்கு, ஆண்டுக்கு எவ்வளவு கட்டுவது என்பது முற்றிலும் வேறொரு கணக்கு. ஆண்டுத் தவணையை உங்கள் பழைய பங்களிப்பிலிருந்து எடுக்கிறார்கள். விலகும் ஆண்டோடு முடியும் பத்து ஆண்டுகளில் நீங்கள் கட்டிய மிக உயர்ந்த விகிதம் ஒருபுறம். விலகலுக்கு முந்தைய பத்து ஆண்டுகளில், தொடர்ந்து மூன்று ஆண்டுகளின் சராசரி வேலை மணிகளில் எது அதிகமோ அது மறுபுறம். இரண்டையும் பெருக்குவார்கள்.

நம் உதாரணத்தில் உயர்ந்த விகிதம் மணிக்கு 6 டாலர், நல்ல காலத்தில் சராசரி 25,000 மணி என்றால் ஆண்டுக்கு 1,50,000 டாலர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 37,500. 7 சதவீத வட்டியோடு 10 லட்சத்தை இப்படி அடைக்க ஏறத்தாழ எட்டரை ஆண்டு ஆகும், மொத்தம் 12.7 லட்சம் போகும். சரி, பங்கு 10 லட்சம் இல்லை, 20 லட்சம் என்றால்? தவணை மாறாது. அடைக்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கு வரும், ஆனால் சட்டம் 20 ஆண்டோடு நிறுத்திவிடுகிறது. ஆக 20 ஆண்டில் 30 லட்சம் கட்டுவீர்கள், அதன் இன்றைய மதிப்பு 17 லட்சம்தான். பங்கு 50 லட்சமாக இருந்தாலும் அதே 20 ஆண்டு, அதே தவணை. கடிதத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் பெரிய எண்ணைவிட உள்ளே இருக்கும் தவணைத் தொகையை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். நொடிந்த ஃபண்டுகளில் சிறிய கம்பெனிகள் கட்டும் தொகையைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்த 20 ஆண்டு வரம்புதான்.

தவணையில் தப்பு அடிக்கடி நுழையும் இடம் விகிதம். ஃபண்டின் மீட்புத் திட்டத்துக்காக 2014-க்குப் பிறகு ஏற்றிய கூடுதல் விகிதங்களைப் பொதுவாக இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அபராதக் கூடுதலையும் கூடாது. சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். முன்கூட்டி மொத்தமாக அடைக்கவும் தடை இல்லை, பேரம் பேசி ஒரே தொகையில் முடிப்பதும் நடக்கிறது. பார்சல் கம்பெனியான யூ.பி.எஸ். 2007 டிசம்பரில் லாரித் தொழிலாளர்களின் பெரிய ஃபண்டான சென்ட்ரல் ஸ்டேட்ஸிலிருந்து விலகியபோது 610 கோடி டாலரை மொத்தமாகக் கொடுத்துவிட்டுத்தான் போனது.

நாங்க எட்டு பேர் வேலை செய்யுற கம்பெனி. சின்னவங்களுக்குத் தள்ளுபடி எதுவும் இல்லையா?

உண்டு. பங்கிலிருந்து 50,000 டாலர், அல்லது ஃபண்டின் மொத்தத் துண்டில் 0.75 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது கழிக்கப்படும். ஆனால் பங்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் தள்ளுபடி ஒரு டாலர் குறையும். உங்கள் பங்கு 80,000 என்றால் கட்ட வேண்டியது 30,000. பங்கு 1,20,000 என்றால் தள்ளுபடி 30,000 ஆகிவிடும், 90,000 கட்ட வேண்டும். ஒன்றரை லட்சத்தைத் தொட்டால் தள்ளுபடியே இல்லை. சில ஃபண்டுகள் தாங்களாகவே இதைவிடத் தாராளமான விதி வைத்திருக்கின்றன, கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரே ஃபண்டு, ஒரே வருஷம். ஒரு ஆக்சுவரி பில்லை நாலு கோடிங்கறார், இன்னொருத்தர் பதினொண்ணரைக் கோடிங்கறார். எப்படி?

வட்டி விகிதம். ஆக்சுவரி என்பவர் பென்ஷன் வாக்குறுதிகளின் மதிப்பைக் கணக்கிடும் நிபுணர், அவர் எந்த வட்டியைப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். இருபது ஆண்டு கழித்துத் தர வேண்டிய 1,000 டாலருக்கு இன்று எவ்வளவு ஒதுக்க வேண்டும்? முதலீடு ஆண்டுக்கு 7 சதவீதம் ஈட்டும் என்று நம்பினால் 258 டாலர் போதும். 3 சதவீதம்தான் என்றால் 554 வேண்டும். வாக்குறுதி ஒன்றே, மதிப்பு இரண்டு மடங்குக்கு மேல். சொத்து மாறாததால் இந்த வித்தியாசம் முழுவதும் துண்டில் போய் விழும். துண்டு சில மடங்கு பெருகும்.

நீங்கள் சொல்லும் எண்கள் எனர்ஜி வெஸ்ட் என்ற சுரங்கக் கம்பெனி வழக்கில் வந்தவை. ஃபண்ட் தன் முதலீடு 7.5 சதவீதம் ஈட்டும் என்று எதிர்பார்த்தது. விலகல் கடனுக்கு மட்டும் ஆபத்தில்லா முதலீட்டின் 2.71 சதவீதத்தைப் பிடித்தது. 4 கோடிக்குள் வந்திருக்க வேண்டியது 11.5 கோடி டாலர் ஆனது. விலகுகிறவர் இனி ஒருபோதும் நஷ்டத்தில் பங்கு ஏற்க மாட்டார், எனவே ஆபத்தில்லா விகிதமே சரி என்பது ஃபண்ட் தரப்பு வாதம். வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-ல் அதை ஏற்கவில்லை. ஆக்சுவரியின் அனுமானம் அந்த ஃபண்டின் உண்மையான முதலீடுகளை ஒட்டி இருக்க வேண்டும் என்றது. அதற்கு முந்தைய ஆண்டு ஓஹாயோவின் சாஃப்கோ வழக்கில் ஆறாவது சர்க்யூட் (வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம்), இரண்டு விகிதங்களைக் கலக்கும் 'சீகல் பிளெண்ட்' முறையைத் தள்ளியது. எனக்கு நீதிமன்றங்கள் சொன்னதுதான் சரியாகப் படுகிறது. தன் பணத்துக்கு 7.5 சதவீதம் வரும் என்று ஒரு வாயால் சொல்லிவிட்டு, போகிறவனிடம் மட்டும் வராது என்பது எப்படி?

ஆக்சுவரி அந்த விகிதத்தை எந்தத் தேதிக்குள் முடிவு செய்திருக்க வேண்டும் என்பதிலும் சண்டை. கணக்கு நாளுக்குப் பிறகு மாற்றினால் செல்லாது என்று 2020-ல் இரண்டாவது சர்க்யூட் சொன்னது. அந்த நாளில் தெரிந்த தகவலை வைத்துப் பிறகு முடிவு செய்யலாம் என்று 2024-ல் டி.சி. நீதிமன்றம் சொன்னது. 2025-ல் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது.

ஃபண்டு நூத்துக்கு நூறு நிதியோட இருக்குன்னு வருஷா வருஷம் நோட்டீஸ் வருது. அப்புறம் எனக்கு எப்படி பில் வரும்?

மேலே சொன்ன வட்டி வித்தியாசம்தான். ஆண்டு நோட்டீஸில் உள்ள சதவீதம் முதலீட்டு எதிர்பார்ப்பு விகிதத்தில் போட்டது, சொத்து மதிப்பையும் பல ஆண்டுகளுக்குச் சமன்படுத்தியிருக்கலாம். விலகல் கடனுக்கு வேறு விகிதம் பிடித்தால் அதே ஃபண்டில் துண்டு தெரியும். நோட்டீஸை நம்பிக் கம்பெனி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

அப்போ எங்க நம்பரை முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

இருக்கிறது. எழுத்தில் கேட்டால் ஃபண்ட் 180 நாட்களுக்குள் உத்தேச மதிப்பீடு தர வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேட்கலாம், நியாயமான கட்டணம் வாங்கலாம். அரை வருஷம் ஆகும் என்பதால், கம்பெனி வாங்கும் பேச்சு தொடங்கியவுடனே விற்பவரைக் கேட்க வையுங்கள். ஒப்பந்தக் கையெழுத்துக்கு முந்தைய வாரம் நினைவு வந்து பயனில்லை.

யூனியனை விட்டு முழுசா போகல. ஆளைக் கொறைச்சிருக்கேன், அவ்வளவுதான். இதுக்கும் பில் வருமா?

வரலாம். பகுதி விலகல் என்று ஒன்று உண்டு. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் உங்கள் வேலை மணிகள் அடிப்படை அளவில் 30 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் அது பகுதி விலகல். அடிப்படை அளவு என்பது அந்த மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அதிகமான இரண்டின் சராசரி. அது 50,000 மணி என்றால், மூன்று ஆண்டும் 15,000-ஐத் தாண்டாவிட்டால் மாட்டினீர்கள். ஓர் ஆண்டு 15,100 இருந்தால் தப்பினீர்கள். இதனால் மூன்றாவது ஆண்டின் கடைசி மாதங்களில் மணிகளை எண்ணிப் பார்ப்பது வீண் வேலை அல்ல.

மணிகள் குறையாவிட்டாலும் பகுதி விலகல் உண்டு. பல ஒப்பந்தங்களில் ஒன்றை முடித்துக்கொண்டு அதே வேலையை அதே வட்டாரத்தில் தொடர்ந்தாலோ, வேலையை வேறிடத்துக்கு மாற்றினாலோ, ஓர் இடத்தில் மட்டும் பங்களிப்பை நிறுத்திவிட்டு அங்கே வேலையைத் தொடர்ந்தாலோ அந்த வகை. தொகை முழுப் பங்கின் ஒரு விகிதம்தான்.

நான் கட்டட கான்ட்ராக்டர். எங்களுக்கு இது கிடையாதுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. கட்டுமானத்தில் வேலை முடிந்தால் ஆள் கலைவது இயல்பு என்பதால், வேலையை நிறுத்திவிட்டுப் போனால் கடன் இல்லை. அதே வட்டாரத்தில் அதே வகை வேலையைப் பங்களிப்பு இல்லாமல் தொடர்ந்தாலோ, ஐந்து ஆண்டுக்குள் மறுபடி தொடங்கினாலோ கடன் பிறந்துவிடும். ஓய்வு பெறுகிறவருக்கு இது வரம். யூனியன் இல்லாத கம்பெனியாக மாறலாம் என்று நினைப்பவருக்குப் பொறி.

லாரித் தொழிலுக்கும் ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த ஃபண்டுக்கு வரும் பணம் கிட்டத்தட்ட முழுவதும் லாரி, வீட்டுச் சாமான் ஏற்றுதல், பொதுக் கிடங்குத் தொழில்களிலிருந்து வர வேண்டும். கிட்டத்தட்ட முழுவதும் என்றால் 85 சதவீதம் என்று நீதிமன்றம் பொருள் சொல்லியிருக்கிறது. பல ஃபண்டுகள் அதைத் தொடுவதில்லை.

கம்பெனியை வாங்கல சார், வண்டியையும் கிடங்கையும் மட்டும்தான் வாங்குறேன். பழைய கடன் என் மேல வராதுல்ல?

சொத்தை மட்டும் வாங்கினால் விற்றவர் விலகியதாக ஆகும், பில் அவருக்குப் போகும். அதைத் தவிர்க்க சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. நீங்கள் ஏறத்தாழ அதே அளவு பங்களிப்பைத் தொடர வேண்டும், ஐந்து ஆண்டுக்கு ஓராண்டுப் பங்களிப்பு அளவுக்கு ஜாமீன் பத்திரம் கட்ட வேண்டும், அந்த ஐந்து ஆண்டில் நீங்கள் விலகிக் கட்டாமல் போனால் பழையவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, விற்றவரின் பங்களிப்பு வரலாறும் உங்கள் கணக்கில் சேரும். பின்னால் நீங்கள் விலகும்போது அவருடைய ஆண்டுகளுக்கும் சேர்த்துத்தான் பங்கு போடுவார்கள்.

இந்த ஏற்பாடே இல்லாமல் வாங்கினாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. கடன் இருப்பது தெரிந்தே வாங்கி, அதே ஆட்களோடு அதே தொழிலைத் தொடர்ந்தால் வாங்கியவரையும் துரத்தலாம் என்று 2015-ல் மேன்வெப் வழக்கில் ஏழாவது சர்க்யூட் சொன்னது.

எல்.எல்.சி.யாத்தான் பதிவு பண்ணியிருக்கேன். என் சொந்தச் சொத்துக்கு ஆபத்தில்லைதானே?

பங்குதாரர் என்ற முறையில் மட்டும் என்றால் பொதுவாக ஆபத்தில்லை. ஆனால் 80 சதவீதம் ஒரே கையில் இருக்கும் எல்லாத் தொழில்களையும் சட்டம் ஒரே முதலாளியாகப் பார்க்கிறது. லாரி கம்பெனியின் விலகல் கடனுக்கு உங்கள் மோட்டலும் பெட்ரோல் பங்கும் பதில் சொல்ல வேண்டும், அவற்றில் யூனியன் இல்லாவிட்டாலும்.

நம் ஆட்கள் அதிகம் விழும் பள்ளம் இடம்தான். கிடங்கைத் தன் சொந்தப் பெயரில் வாங்கி, அதைத் தன் கம்பெனிக்கே வாடகைக்கு விடுவார்கள். வரிக் கணக்கில் நல்ல யோசனை. ஆனால் விலகும் கம்பெனிக்கு இடம் வாடகைக்கு விடுவதே ஒரு தொழில் என்று 2013-ல் மெசினா வழக்கில் ஏழாவது சர்க்யூட் தீர்ப்பளித்தது. அந்தத் தொழிலைத் தனி ஆளாக நடத்துகிறவர் நீங்கள் என்றால், கடன் உங்கள் தலையில் நேரடியாக உட்காரும். பெரிய முதலீட்டு நிறுவனங்களும் இதில் போராடியிருக்கின்றன. சன் கேபிடலின் இரண்டு நிதிகள் ஒரு கம்பெனியை 70க்கு 30 என்று பிரித்து வாங்கியிருந்தன. எதுவும் 80-ஐத் தொடாததால், இரண்டையும் கூட்டாளிகளாகச் சேர்த்துப் பார்க்க முடியாது என்று 2019-ல் அவை தப்பின.

சரி, மூடிட்டு மச்சான் பேர்ல புதுசா ஆரம்பிச்சா?

தவிர்ப்பதே முக்கிய நோக்கமாகச் செய்த எந்தப் பரிமாற்றத்தையும் நடக்காததாகக் கருதிக் கடனை வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. முயலாதீர்கள்.

கடிதம் வந்திருக்கு. தொகை தப்புன்னு எனக்கு நல்லாத் தெரியும். கோர்ட்ல பாத்துக்கலாம்னு விட்டுடவா?

தயவுசெய்து விடாதீர்கள். இந்தச் சட்டத்தில் முதலில் கட்டு, பிறகு வாதாடு. வழக்கு நடந்தாலும் தவணை போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஜெயித்தால் திருப்பித் தருவார்கள். முதல் தவணை கடிதம் வந்த 60 நாட்களுக்குள் தொடங்கும். மறுபரிசீலனை கேட்க 90 நாள். அதன்பின் மத்தியஸ்தத்துக்குப் போக 60 நாள். இந்த 60 ஃபண்ட் பதில் தந்த நாளிலிருந்தோ, நீங்கள் மறுபரிசீலனை கேட்டு 120 நாள் முடிந்ததிலிருந்தோ, எது முந்தியதோ அதிலிருந்து ஓடும். ஃபண்ட் பதிலே போடாவிட்டாலும் கடிகாரம் ஓடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தக் கெடு தவறினால் தொகை எவ்வளவு தப்பாக இருந்தாலும் அதுவே இறுதி.

தவணை தவறி, ஃபண்ட் எழுத்தில் நினைவூட்டி 60 நாள் ஆகியும் கட்டாவிட்டால் மொத்தக் கடனும் உடனே நிலுவையாகும். அதற்கு மேல் வட்டி, 20 சதவீதம் வரை அபராதம், அவர்கள் வக்கீல் செலவு எல்லாம் சேரும். மத்தியஸ்தத்திலும் ஃபண்டின் கணக்கு சரி என்றே தொடங்குவார்கள், தப்பு என்று காட்டுவது உங்கள் வேலை.

அரசாங்கம்தான் 2021-ல ஃபண்டுகளுக்குக் கோடி கோடியாக் குடுத்துச்சே. துண்டு போயிருக்குமே?

நல்ல கேள்வி, நல்ல பதில் இல்லை. 2021 சட்டத்தின்படி நொடிந்த ஃபண்டுகளுக்குச் சிறப்பு உதவி கிடைத்தது. சென்ட்ரல் ஸ்டேட்ஸுக்கு மட்டும் ஏறத்தாழ 3,580 கோடி டாலர் என்று 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பணம் பென்ஷனர்களுக்காக, கம்பெனிகள் மலிவாக வெளியேறுவதற்காக அல்ல என்பது மத்திய பென்ஷன் காப்பீட்டு அமைப்பான பி.பி.ஜி.சி.யின் நிலை. உதவி பெற்ற ஃபண்ட் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு விலகல் கடனைக் குறைந்த வட்டி விகிதத்தில்தான் போட வேண்டும். உதவிப் பணத்தையும் ஒரே அடியாகச் சொத்தில் காட்டாமல் சிறிது சிறிதாகத்தான் சேர்க்கலாம்.

2023 ஆகஸ்டில் திவாலான யெல்லோ லாரி கம்பெனியின் தரப்பு இந்த விதிகளை எதிர்த்தது. உதவிப் பணத்தை முழுதாகச் சேர்த்தால் கடனே இருக்காது என்பது அவர்கள் வாதம். டெலவேர் திவால் நீதிமன்றம் 2024-ல் விதிகள் செல்லும் என்றது, மூன்றாவது சர்க்யூட்டும் 2025-ல் அதை உறுதி செய்தது.

அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினார். அவர் கம்பெனி விலகிட்டா அவர் பென்ஷன் போயிடுமா?

போகாது. சேர்ந்துவிட்ட பென்ஷனைத் தருவது ஃபண்ட், கம்பெனி அல்ல. விலகிய நாளுக்குப் பிறகு அந்தக் கம்பெனி வேலைக்குப் புதிதாக எதுவும் சேராது, அவ்வளவுதான். ஃபண்டே கையை விரித்தால் பி.பி.ஜி.சி. வரும், ஆனால் அதன் உத்தரவாதம் சிறியது. சர்வீஸ் ஆண்டு ஒன்றுக்கு மாதப் பென்ஷனில் முதல் 11 டாலர் முழுதாக, அடுத்த 33 டாலரில் முக்கால் பங்கு. 30 ஆண்டுக்கு உச்சம் ஆண்டுக்கு 12,870 டாலர். அப்பாவின் பென்ஷன் அதைவிட அதிகம் என்றால், விலகும் கம்பெனிகளிடமிருந்து ஃபண்ட் விடாமல் வசூலிப்பது அவருக்கு நல்லதுதான்.

கட்டுற தவணைக்கு வரிக் கழிவு உண்டா?

உண்டு. கட்டும் ஆண்டில், பென்ஷன் பங்களிப்பைப் போலவே செலவாகக் கழிக்கலாம்.

எல்லாக் கம்பெனியும் சேர்ந்து ஒரே நேரத்துல வெளியேறினா யாரை என்ன பண்ண முடியும்?

அதற்கும் விதி இருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் கடுமையானது. எல்லா முதலாளிகளும் விலகினாலோ, ஏறத்தாழ எல்லோரும் பேசிவைத்து விலகினாலோ அது கூட்டு விலகல். அப்போது மேலே சொன்ன சிறு தொகைத் தள்ளுபடி போய்விடும், 20 ஆண்டு வரம்பும் போய்விடும். முழுத் துண்டையும் மறுபடி கணக்கிட்டு விலகியவர்களுக்கே பிரிப்பார்கள். மூன்று ஆண்டுக்குள் ஏறத்தாழ எல்லோரும் போயிருந்தால், பேசிவைத்தே போனார்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது போனவரின் பொறுப்பு. ஆகவே சிறிய ஃபண்டில் இருந்து நிம்மதியாக விலகி, 20 ஆண்டுத் தவணையில் கட்டிக்கொண்டிருப்பவரும் அடுத்த மூன்று ஆண்டுக்கு மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.